இறக்கைக்குப் பின்னால் ஆறாவது ஜன்னல்

கடைசி விமானத்தில், இறக்கைக்குப் பின்னால் இருந்த முதல் ஜன்னல் மட்டும் கருப்பாக இல்லை. அரிசி மணியில் பாதி இருக்கும் அந்த ஜன்னல். அதற்குள் பெரிதாக என்ன தெரிந்துவிடப் போகிறது? அச்சில் மை விழாமல் போயிருக்கும், இல்லாவிட்டால் தூசி உட்கார்ந்திருக்கும் என்று மாரிக்கண்ணன் ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்தான். போகவில்லை. பிரஷ் நுனியால் வருடிப் பார்த்தான். போகவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு, ஜன்னலின் கீழ் ஓரத்தில், உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்க்கிற உயரத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணி. திருத்தங்கலில் அந்த வெயிலுக்குத் தெருவில் நாய்கூட நடக்காது. ஐப்பசி பிறக்கப் போகிறது, சீசன் உச்சத்தில் இருக்கிறது, எங்கோ ஒரு கம்பெனியில் வெடியைப் போட்டுச் சோதனை பார்க்கிற சத்தம் மட்டும் மந்தமாக வந்துகொண்டிருந்தது. முன்னறை மேசையில் வெள்ளை வெளேரென்று இருபத்து நான்கு பிளாஸ்டிக் விமானங்கள், ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். பக்கத்தில் ஒரு சில்வர் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், இடுக்கி, பஞ்சு, பூதக்கண்ணாடி, காடி நெடி அடிக்கிற ஒரு சின்னப் பாட்டில். சென்னையில் ஒரு டிராவல்ஸ் கம்பெனிக்குப் போகிற ஆர்டர். சாயங்காலம் ஆறரைக்கு லோடு ஏறியாக வேண்டும் என்று பிரஸ் முதலாளி நவநீதகிருஷ்ணன் இரண்டு தடவை போன் போட்டுவிட்டார். அதனால்தான், பெற்ற மகள் முதல் தடவையாக விமானம் ஏறுகிற நாளில், மாரிக்கண்ணன் மதுரைக்குப் போகாமல் பொம்மை விமானத்தில் ஒட்டின ஜன்னல்களைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மகள் யோகேஸ்வரி நர்சிங் முடித்தவள். ஒரே பிள்ளை. துபாயில் வேலை கிடைத்து, மூன்றரை மணி விமானத்துக்காகக் காலையிலேயே அம்மா செல்வலட்சுமியோடு மாமன் காரில் கிளம்பிவிட்டாள். கிளம்புவதற்கு முன்னால் மேசைக்கு வந்து, அப்போதுதான் ஒட்டி முடித்திருந்த இந்தக் கடைசி விமானத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். "இதே மாதிரி பிளேன்தான்ப்பா" என்று சொல்லி, சீட்டு நம்பரை வைத்துக் கணக்குப் போட்டு, இறக்கைக்குப் பின்னால் ஆறாவது ஜன்னலில் சுண்டு விரலை வைத்தாள். "நான் இங்கன உக்காந்து கை காட்டுவேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

அப்போது எல்லா ஜன்னலும் கருப்பாகத்தான் இருந்தன. எண்ணியவளே அவள்தானே.

தண்ணி ஸ்டிக்கர் ஒட்டுவது பார்க்கச் சின்ன வேலை, கை பழகாதவனுக்கு உயிரை எடுக்கிற வேலை. படத்தைத் தாளோடு வெட்டித் தண்ணீரில் போட வேண்டும். முப்பது நொடி. தாளில் ஒட்டிக்கொண்டிருந்த படம் தோல் உரிவது மாதிரி தளர்ந்து மிதக்க ஆரம்பிக்கும். அதைத் தாளோடு எடுத்துக்கொண்டு போய், விமானத்தின் பளபளப்பில் வைத்து, மெதுவாக நழுவவிட வேண்டும். அடியில் காற்று இருக்கக் கூடாது, தண்ணீர் இருக்கக் கூடாது. அப்புறம் அந்தக் காடி மருந்தை ஒரு பூச்சு. படம் சுருங்கிக் குறுகி, நம்மைக் கொஞ்ச நேரம் பயமுறுத்திவிட்டு, தானே படிந்து இறுகி, பெயிண்ட் அடித்தது போல ஆகிவிடும். அதற்கு மேல் அதை யாரும் பிரிக்க முடியாது. மாரிக்கண்ணனுக்கு இந்த வேலை வந்த நேரம் நல்ல நேரம் என்றுதான் ஊரே சொன்னது. பட்டாசு கம்பெனியில் இருபது வருஷம் திரியும் மருந்தும் பிடித்த விரல்கள், நடுங்கவே நடுங்காது.

பூதக்கண்ணாடியை எடுத்தான். மேசை விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்தான். பொட்டு இல்லை அது. தலையில் துண்டு கட்டின ஒரு பெண்ணின் முகம்.

அச்சுப் படம்தான், வேறென்ன, டிசைன் போடுகிற இடத்தில் யாரோ கம்ப்யூட்டரில் விளையாடியிருக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். யாரும் இல்லாத வீட்டில் அவன் குரல் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. மீதி இருந்த தாள்களை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், எல்லாம் கருப்பு. மற்ற இருபத்து மூன்று விமானங்களையும் புரட்டிப் பார்த்தான், எல்லாம் கருப்பு. எழுந்து போய் முகத்தைக் கழுவினான். குடத்தில் மொண்டு இரண்டு செம்பு தண்ணீர் குடித்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தபோது இரண்டாவது ஜன்னலிலும் முகம் இருந்தது.

இரண்டாவது முகத்துக்கு மூக்குத்தி இருந்தது. எட்டுக்கல் மூக்குத்தி, ஒரு கல் விழுந்து போனது. அந்த விழுந்த கல்லை ஒரு நாள் முழுக்கக் கம்பெனி முற்றத்தில் எல்லோரும் சேர்ந்து தேடியது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஆவுடைத்தாய். செத்து இரண்டரை வருஷம் ஆகிறது.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான். செய்ததெல்லாம் செய்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

எம். புதுப்பட்டிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் இருந்த ஒரு கம்பெனியில் மாரிக்கண்ணன் போர்மேனாக இருந்தான். ஒரு அறைக்கு நாலு பேர்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். சீசன் ஆர்டருக்கு அது காணாது என்று எட்டு, ஒன்பது பேரை அவன் உட்கார வைப்பான். ஆபீசர்மார் ஜீப் ரோட்டில் திரும்பியதும் போன் வந்துவிடும். உடனே கூடுதலாக இருக்கிற ஆட்களைப் பின்னாடி சரக்கு போட்டு வைக்கிற கிட்டங்கிக்குள் ஓட்டி, வெளியே பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். பூட்டின கிட்டங்கியை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? உள்ளே இருப்பவர்கள் மூச்சுக் காட்டாமல் பத்து நிமிஷம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனையோ தடவை செய்திருக்கிறான். பெண்களும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போவார்கள்.

அந்தச் சித்திரை மாதத்து மத்தியானம் ஐந்து பேர் உள்ளே போனார்கள். கடைசியாகப் போனவள் வள்ளித்தாய். கிட்டங்கிக்குள் காலையில் கலந்த மருந்து காய்ந்துகொண்டிருந்தது, அதுவும் அவனுக்குத் தெரியும். வந்த ஆபீசர்மார் பத்து நிமிஷத்தில் போகவில்லை. வேப்ப மர நிழலில் நின்று ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டங்கி ஓட்டுக்கு மேலே நூல் மாதிரி புகை எழுந்ததை மாரிக்கண்ணன்தான் முதலில் பார்த்தான். உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தமும் அவனுக்குக் கேட்டது. முப்பது அடி எடுத்து வைத்தால் கதவு. சாவி பையில். திறந்தால் ஐந்து பேரும் ஆபீசர்மார் கண் முன்னால் வெளியே வருவார்கள், லைசென்ஸ் போய்விடும், வேலை போய்விடும். இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று நின்றான். நின்றுகொண்டே இருந்தான், பாவி.

கிட்டங்கியோடு ஐந்து பேரும் எரிந்துபோன பிறகு, கேட்டவர்களிடம் எல்லாம் அவன் சொன்னது வேறு. வள்ளித்தாய் வீட்டுக்குத் திரி எடுத்துப் போக மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு திருட்டுத்தனமாக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள் என்று சொன்னான். உருகிப்போன பூட்டைக் கிணற்றில் வீசியிருந்தான். வள்ளித்தாயின் புருஷன் முனியராஜ் நம்பவில்லை, இருக்கன்குடிக் கோயிலுக்கு வந்து சத்தியம் பண்ணச் சொன்னான். மாரிக்கண்ணன் போனான். ஊர்ச்சனம் பார்க்க, யோகேஸ்வரியை முன்னால் நிறுத்தி, அவள் தலையில் கை வைத்து, எரிகிற சூடத்தை அடித்து அணைத்து, "நான் பூட்டல, அவதான் தாழ்ப்பாள் போட்டா" என்று சத்தியம் செய்தான். பெற்ற பிள்ளை தலையில் கை வைத்து எவன் பொய் சொல்லுவான் என்று ஊர் நம்பியது. வள்ளித்தாயின் மகள் முத்துச்செல்வி, யோகேஸ்வரியோடு ஒரே வகுப்பில் படித்தவள், அதோடு படிப்பை விட்டாள். கூட இருந்த நாலு பேரைக் கொன்றவள் மகள் என்று ஊரார் பேசின பேச்சுத் தாங்காமல் அந்தக் குடும்பமே ஊரை விட்டுப் போய்விட்டது.

மணி இரண்டு. மூன்றாவது ஜன்னலில் முகம் வந்திருந்தது.

இந்தத் தடவை அவன் கண்ணெதிரிலேயே வந்தது. முதலில் நெற்றி, அப்புறம் கண், அப்புறம் வாய், தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே மிதந்து வருகிற மாதிரி. கன்னத்தில் வெள்ளி நிறம். அலுமினியப் பவுடர் ஒட்டின கன்னம். அறைக்குள் காடி நெடி போய்விட்டது, அந்த இடத்தில் வேறொன்று, கந்தகமும் வேர்வையும் கருகின மயிரும் கலந்த ஒரு வாடை, ஜன்னலைத் திறந்து வைத்தும் போகாமல் மின்விசிறிக் காற்றோடு சுற்றிச் சுற்றி வந்தது. அதோடு ஒரு சத்தம். நகத்தால் பிளாஸ்டிக்கைத் தட்டுகிற சத்தம். டக். டக். டக். விமானத்தைக் காதோரம் தூக்கிப் பிடித்தான். உள்ளேயிருந்துதான் வந்தது. விமானம் கையில் சுட்டது.

இரண்டு இருபதுக்கு நாலாவது முகம். அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வரிசையாக வருகிறார்கள். ஐந்தாவது ஜன்னல் வள்ளித்தாய்க்கு. அதற்கு அடுத்தது ஆறாவது.

போனை எடுத்து மகளைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மனைவியைக் கூப்பிட்டான். பிள்ளை உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகிறது, பிளேன் மேலே போகிறதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்புவோம் என்றாள் செல்வலட்சுமி. அவளை வெளியே கூப்பிடு, போக வேண்டாம் என்று சொல்லு என்று இவன் கத்தினான். உங்களுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறதா, பிள்ளை கிளம்புகிற நேரத்தில் அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

கதவு. விமானத்துக்குக் கதவு வேண்டும். ஏன் அப்படித் தோன்றியது என்று அவனுக்கே தெரியாது. காலையில் ஒட்டின நாலு கதவுப் படங்களையும் தேடினான். விமானத்தின் உடம்பில் ஒன்றுகூட இல்லை. காடி மருந்து பூசி இறுகிப்போன கதவுகள், நாலும் கழன்று, சில்வர் தட்டுத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. இடுக்கியால் ஒன்றை எடுத்து ஒட்டினான். நழுவி விழுந்தது. பஞ்சால் அழுத்தினான். நழுவியது. மருந்தைப் பூசி, விரலை வைத்து அமுக்கிப் பிடித்து, நூறு எண்ணி விரலை எடுத்தான். கதவு விரலோடு வந்துவிட்டது.

ஐந்தாவது ஜன்னல் நிறைந்துவிட்டது. வள்ளித்தாய். இவனைத்தான் பார்த்தாள்.

போன் அடித்தது. யோகேஸ்வரி. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏறிட்டேன்ப்பா. ஜன்னல் சீட்டுதான். கை காட்டுறேன், தெரியுதா?"

"தாயி, எறங்கிரு. இப்பவே எறங்கிரு."

அவள் சிரித்தாள். "தனியாப் போறேன்னு கவலைப்படுறீகளா? சுத்தி உக்காந்திருக்கறதெல்லாம் நம்ம ஊர்ப் பக்கத்து அக்காமாருதான். அஞ்சு பேரு. உங்கள நல்லாத் தெரியுமாம்."

மாரிக்கண்ணன் விமானத்தை முகத்துக்கு நேரே திருப்பினான்.

"கை பூராம் ஜிகினா மாதிரி மினுங்குதுப்பா. கேட்டா, வேல அப்பிடிங்கிறாக. ஒரு அக்கா கேக்குறாக, சாவி இன்னும் உங்கட்டதான் இருக்கான்னு. என்ன சாவிப்பா?"

ஆறாவது ஜன்னலின் அடியில் சாம்பல் நிறம் ஊறியது. ஒரு முகவாய்.

"தாயி, அவுக பேச்சக் கேக்காத. எந்திரிச்சு வெளிய வா."

"எங்கிட்டு வர? உள்ள ஒரே புளுக்கமா இருக்கு. ஏதோ கருகுற வாடை." அவள் குரலில் சிரிப்பு இல்லை இப்போது. "கதவு எங்கன இருக்குன்னே தெரியலப்பா."

பிளேடை எடுத்தான். ஆறாவது ஜன்னலைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். நுனியை வைத்ததுதான் தாமதம், போனில் மகள் "அப்பா, கன்னத்துல என்னமோ குத்துது" என்றாள். பிளேடைத் தூக்கி எறிந்தான். ஜன்னலில் வாய் வந்திருந்தது. மூக்கு வந்துகொண்டிருந்தது.

"போன அந்த அக்காகிட்டக் குடு" என்றான்.

போன் கைமாறுகிற சத்தம். மூச்சு. புகை குடித்த தொண்டையிலிருந்து வருகிற மூச்சு.

"போர்மேன் அண்ணே."

அதட்டல் இல்லை, அழுகை இல்லை. காலையில் வேலைக்கு வந்ததும் கூப்பிடுவாளே, அதே குரல்.

"வள்ளித்தாயி, எம்பிள்ளைய விட்டுரு. நான் தப்புப் பண்ணிட்டேன். உங்கிட்டச் சொல்லிருதேன், எல்லாத்தையும் சொல்லிருதேன்."

"எங்ககிட்டச் சொல்ல வேணாம். எங்களுக்குத் தெரியும். எம்மக கூடப் படிச்ச பிள்ளகிட்டச் சொல்லுங்க."

பிள்ளை உயிர் தொங்குகிறது. அப்போதாவது மனிதனுக்கு உண்மை வாயில் வர வேண்டாமா? வரவில்லை. கம்பெனி முதலாளி சொல்லித்தான் பூட்டினேன் தாயி, என் மேல் தப்பு இல்லை என்று ஆரம்பித்தான். ஜன்னலில் இரண்டு கண்களும் வந்தன. மூடியிருந்தன. சாவி கை தவறிக் காணாமல் போய்விட்டது என்றான். நெற்றி வந்தது. போனில் யோகேஸ்வரி இருமினாள், விடாமல் இருமினாள். இனி முடி மட்டும்தான் பாக்கி. இன்னும் ஒரே ஒரு பொய்க்கு மட்டும்தான் இடம்.

"நான்தான் பூட்டினேன்."

இருமல் நின்றது.

"சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு. பொகையப் பாத்தேன். தட்டுனது கேட்டுச்சு. தெறந்தா மாட்டிக்கிடுவோம்னு நின்னேன். வேலைக்குப் பயந்து நின்னேன். வள்ளித்தாயி எதையும் எடுக்கல தாயி. அவ தாழ்ப்பாள் போடல. நான் சொன்னதெல்லாம் பொய்."

தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

"எந்தலையில கைய வச்சுச் சொன்னீகளேப்பா" என்றாள் யோகேஸ்வரி.

அவ்வளவுதான் சொன்னாள்.

மறுபடி அந்த மூச்சு. "பிள்ளைய எறக்கி விட்டுருதோம் அண்ணே. அவ எம்மகளுக்குச் சோறு ஊட்டின பிள்ள. ஆனா இந்த எடம் வெறுமனே கெடக்கக் கூடாது."

"நான் வர்றேன்."

அதைச் சொல்லும்போது மட்டும் அவன் யோசிக்கவில்லை. பெற்றவன் என்கிற அந்த ஒரு பெயரை அவனுக்குக் கொடுத்துவிடலாம்.

ஆறாவது ஜன்னல் கருப்பாயிற்று. போனில் தூரத்தில் யார் யாரோ பதறினார்கள், பொண்ணு மயங்கி விழுந்துருச்சு, தூக்குங்க, வெளிய கொண்டுபோங்க. அழுகை வந்தது. கும்பிடப் போனான். அப்போதுதான் பார்த்தான், வலது கை தண்ணீர்த் தட்டுக்குள் இருந்தது. எப்போது வைத்தான்? தெரியவில்லை. எடுக்க முடியவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

முப்பது நொடி.

வலி இல்லை. முதலில் விரல் நுனி தளர்ந்தது. அப்புறம் புறங்கை. மணிக்கட்டு. முழங்கை. படம் தாளை விட்டு மிதப்பது போல. மெதுவாக. ஒரு இடத்திலும் கிழியாமல். தோள். கழுத்து. முகம். ஏதோ ஒன்று அவனைத் தூக்கியது. நழுவவிட்டது. வைத்தது. அடியில் இருந்த காற்றை ஒற்றி எடுத்தது.

சுருங்கினான். இறுகினான்.

இருட்டு. சூடு. தொடையில் இன்னொரு தொடை இடித்தது. வலப் பக்கம் ஒரு சின்ன வெளிச்சம், ஜன்னல் அளவு. முகத்தை அதில் வைத்துப் பார்த்தான். வெளியே ஒரு பெரிய மேசை, மலை மாதிரி ஒரு போன், எட்டாத உயரத்தில் அவன் வீட்டு உத்தரம். வெள்ளிக் கை ஒன்று அவன் தோளில் சூடாக வந்து உட்கார்ந்தது. காய்கிற மருந்தின் வாடை அடித்தது.

வெளியே வெயில் சாய்ந்த பிறகு கதவு திறந்தது. செல்வலட்சுமி வந்தாள். அவள் பின்னால் யோகேஸ்வரி, உயிரோடு, நெற்றியில் ஒரு பிளாஸ்திரியோடு. அம்மா அறை அறையாகக் கூப்பிட்டாள், செருப்புக் கிடக்கிறது, வண்டி நிற்கிறது, மனுஷனைக் காணோமே என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். மகள் ஓடவில்லை. நேராக மேசைக்கு வந்து, அவனுடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

முதல் ஜன்னலில் ஒரு பெரிய கண் வந்து நின்றது. நகர்ந்தது. இரண்டு. மூன்று. நாலு. ஐந்தாவதில் வெகுநேரம் நின்றது. அந்தக் கண்ணிலிருந்து நீர் வழிந்து கண்ணாடியில் சொட்டியது. அப்புறம் ஆறாவதுக்கு வந்தது.

தாயி. தாயி. இங்கன இருக்கேன். இரண்டு உள்ளங்கையாலும் அடித்தான். சத்தம் வெளியே போயிற்றா? போயிற்று, போயிருக்க வேண்டும், அவள் இமை நடுங்கியது. பார்த்துவிட்டாள். அவனைத்தான் பார்க்கிறாள். உள்ளங்கைத் தோல் சூட்டில் ஜன்னலோடு ஒட்டிப் பிய்ந்தது, மறுபடி அடித்தான்.

அவள் இடுக்கியைத் தண்ணீருக்குள் விட்டு, ஒரு கதவை எடுத்தாள். சொட்டச் சொட்ட அதை விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். கதவின் கைப்பிடிகூட அவனுக்குத் தெரிந்தது. கதவு நெருங்கியது. வெள்ளை உடம்பைத் தொடுகிற தூரத்தில் வந்து நின்றது. அவனைச் சுற்றி ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

யோகேஸ்வரி இடுக்கியை உதறினாள். கதவு தண்ணீரில் விழுந்தது.

வாசலில் லோடு வண்டி ஹாரன் அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விமானத்தை மெல்லிய தாளில் ஒரு சுற்று சுற்றினாள், இன்னொரு சுற்று சுற்றினாள். வெளிச்சம் மஞ்சளாகி, பழுப்பாகி, இல்லாமல் போயிற்று. அட்டைப்பெட்டிக்குள் இறக்கியபோது ஆறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். மேலே மூடி விழுந்தது. டேப் இழுபடுகிற சத்தம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிதானமாகப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் போயிற்று, அவள் விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.